கொல்லையில் தொலைந்த கம்மல்

மெட்டல் டிடெக்டர் ஒன்று சொந்தமாக வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் எங்கள் பக்கத்தில் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "புதையல் ஏதாச்சும் மாட்டுச்சா?" என்பதுதான். அடுத்தது குரலை இறக்கிக்கொண்டு வரும். "எங்க பாட்டன் கட்டுன வீட்டுல ஒரு மூலை இருக்குதுப்பா, ஒரு நாள் ராத்திரி வந்து பாரேன்." ராத்திரிதான் வரவேண்டுமாம், பகலில் வந்தால் உள்ளே இருப்பது நகர்ந்து போய்விடுமாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் குன்றுக்கும் கோட்டைக்கும் பஞ்சமில்லை, அதனால் இந்தக் கதைகளுக்கும் பஞ்சமில்லை. 1792-இல் திப்பு சுல்தான் எங்கள் பகுதியான பாராமகாலை ஆங்கிலேயக் கும்பெனிக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தபோது அவருடைய ஆட்கள் பதுக்கிவிட்டுப் போனது, பாளையக்காரர் கிணற்றில் இறக்கியது, ஏழு கொப்பரை, அதற்கு ஒரு பாம்பு காவல் என்று ஊருக்கு ஒன்று இருக்கும்.

என் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. புதையல் தேட இதை வாங்கவில்லை, கிடைத்தாலும் அதை நானாக வைத்துக்கொள்ள முடியாது, அப்படியும் நான் காசு போட்ட பொழுதுபோக்குகளிலேயே அதிகம் திருப்பிக் கொடுத்தது இதுதான் என்பேன். "அப்ப என்னதான்யா கிடைக்குது?" என்று கேட்பார்கள். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

காவேரிப்பட்டணம் பக்கத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். தாமிரக் கம்பியைச் சுற்றியே வயிறு வளர்ப்பவன். எரிந்துபோன கிணற்று மோட்டாரைப் பிரித்து, பழைய காயிலை, அதாவது கம்பிச் சுருளை, வெட்டி எடுத்து, புதுசு கட்டி வார்னிஷ் ஊற்றிக் கொடுப்பது தொழில். மோட்டாருக்குள் இருக்கும் இரும்புக் கோர் ஏன் ஒரே கட்டியாக இல்லாமல் தகடு தகடாக அடுக்கியிருக்கிறது என்று கடைக்கு வரும் பையன்களுக்குச் சொல்லித் தருவேன். கட்டியாக இருந்தால் மாறுமின்னோட்டத்தின் காந்தப்புலம் இரும்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி வீணாகச் சூடேற்றும், அதைக் குறைக்கத்தான் தகடு. எங்கள் தொழிலுக்கு அது எதிரி. டிடெக்டர் பிழைப்பதே அதே சுழல் மின்னோட்டத்தை வைத்துத்தான் என்று தெரிந்தபோது எனக்கு அந்தக் கருவி மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது, வாங்காமல் இருக்க முடியவில்லை.

விஷயம் இவ்வளவுதான். தட்டு மாதிரி இருக்கும் தலைக்குள் இரண்டு காயில். ஒன்றில் வினாடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது, அந்தக் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. உள்ளே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது, அது தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது, அதை இரண்டாவது காயில் கேட்டுவிடுகிறது. அந்தப் பதில் எவ்வளவு தாமதித்து வருகிறது என்பதை வைத்துத்தான் உள்ளே இருப்பது வெள்ளியா, இரும்பா என்று கருவி ஊகிக்கிறது. வெள்ளி, தாமிரம் என்றால் உச்ச ஸ்தாயியில் கத்தும். ஆணி என்றால் கரகரவென்று கீழே முனகும். கண்டுபிடித்துவிடாது, ஊகிக்கும், அவ்வளவுதான். டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லுக்கே இது காலை வாரியிருக்கிறது. 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டை ஒருவன் சுட்டபோது உடம்புக்குள் தங்கிவிட்ட குண்டைத் தேட பெல் அவசரமாக ஒரு கருவி செய்து கொண்டுபோனார். கருவி நல்ல கருவிதான். ஆனால் அதிபர் படுத்திருந்த மெத்தைக்குள் எஃகு ஸ்பிரிங் இருந்தது, போதாக்குறைக்கு மருத்துவர் வலப் பக்கம் மட்டும்தான் பார்க்க விட்டார், குண்டு இருந்ததோ இடப் பக்கம். செப்டம்பரில் அதிபர் இறந்துபோனார்.

சரி, கம்மலுக்கு வருகிறேன்.

நிலக்கடலை பிடுங்கும் பருவம். எங்கள் கடைக்கு மோட்டார் கொண்டுவரும் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக் கொல்லை, பாலக்கோடு போகும் பக்கம். எங்கள் பக்கம் கொல்லை என்றால் பயிர் வைக்கும் நிலம். அந்த வீட்டு அக்காவின் கம்மல் ஒன்று காணோம். காலையில் கொல்லைக்குப் போகும்போது காதில் இருந்தது, சாயங்காலம் குளிக்கும்போது இல்லை. பக்கத்து ஊரிலிருந்து பெண்கள் கூலிக்கு வந்து கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் வேலைக்கு வந்த பெண்களில் ஒருத்தியை மட்டும் வீட்டுப் பக்கம் தண்ணீர் குடிக்கக்கூட விடவில்லை. முந்தின நாள் அந்த அக்காவுக்குப் பக்கத்து வரிசையில் பிடுங்கியவள் அவள். நான் போனபோது அவள் தனியாக வரப்பில் உட்கார்ந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பிடுங்கிய கொல்லையில் தேடுவது லேசு என்று நினைப்பார்கள். மண் பொலபொலவென்று இருக்கும், தோண்ட சுலபம், அது உண்மை. ஆனால் மேடும் பள்ளமுமாக இருப்பதால் காயிலைத் தரையோடு ஒட்டி மட்டமாக ஓட்ட முடியாது. கம்மல் மாதிரி சின்னப் பொருளுக்கு இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் காயில் தூக்கிவிட்டால் சத்தமே வராது. அதனால் முதலில் அந்த அக்காவை அன்றைக்கு எந்த மூலையில் ஆரம்பித்தீர்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், முந்தானையை எங்கே உதறினீர்கள், கடலைச் செடியைக் கத்தையாக எங்கே போட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். இந்தக் கேள்விகள்தான் பாதி வேலை. அப்புறம் குச்சி நட்டு, சணல் கயிறு கட்டி, கொல்லையைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் முந்தின வீச்சின் மேல் பாதி விழுகிற மாதிரி காயிலை மெல்ல வீசிக்கொண்டு போனேன். வேகமாக வீசுகிறவனுக்கு எதுவும் கிடைக்காது.

அந்த வீட்டுக்காரர் காட்டுப்பன்றிக்குச் சோலார் வேலி போட்டிருந்தார். அது ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் என் காதில் டிக், டிக் என்று அடித்தது. அதை அணைக்கச் சொன்னேன். கிணற்று மோட்டாரையும் நிறுத்தச் சொன்னேன். செல்போனை வரப்பில் வைத்தேன். அப்புறம்தான் மண் பேச ஆரம்பித்தது.

பேசியதெல்லாம் குப்பை. இந்தப் பொழுதுபோக்கில் இறங்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: சின்னத் தங்கம் தரும் சத்தமும் அலுமினியத் தாள் தரும் சத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மாத்திரை அட்டை, சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஜிகினாத் தாள், குவார்ட்டர் பாட்டில் மூடி எல்லாம் தங்கம் மாதிரியே கூப்பிடும். குப்பைச் சத்தம் வேண்டாம் என்று கருவியில் அதை அடைத்துவிட்டால் கம்மலும் அதோடு சேர்ந்து அடைபட்டுவிடும். அதனால் கூப்பிட்ட இடத்தையெல்லாம் தோண்டியே ஆகவேண்டும், வேறு வழி கிடையாது. நம் ஆட்கள் கொல்லைக்கு எடுத்துப் போகும் தலைவலி மாத்திரை எவ்வளவு என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

வெயில் ஏறி, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், கடலைச் செடி குவித்திருந்த இடத்துக்கு இரண்டு முழம் தள்ளி ஒரு சத்தம். மாத்திரை அட்டை என்றுதான் நினைத்தேன். களைக்கொத்தால் ஒரு பிடி மண்ணைத் தள்ளி, கையில் அள்ளி, காயிலுக்கு மேலே காட்டினேன், கத்தியது. உள்ளங்கையில் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்தால் செம்மண் ஒட்டிக்கொண்டு ஒரு கம்மல். திருகாணி மட்டும் இல்லை.

நான் கூப்பிடுவதற்கு முன்னாலேயே அந்த அக்கா ஓடிவந்துவிட்டார். கம்மலை வாங்கி முந்தானையில் துடைத்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தது வரப்பில் இருந்தவளை. அவள் எழுந்து வந்தாள், கம்மலை எட்டிப் பார்த்தாள், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "திருகாணி இல்லையே, அதையும் தேடச் சொல்லு சாமி, இல்லைன்னா அதுக்கும் எம் பேரச் சொல்லுவாங்க" என்றாள். யாரும் மூச்சு விடவில்லை. அந்த அக்கா உள்ளே போய் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து முதலில் அவளிடம்தான் நீட்டினார். அவள் உடனே வாங்கவில்லை. கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டுத்தான் வாங்கினாள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

திருகாணியை நான் தேடினேன், கிடைக்கவில்லை. அவ்வளவு சின்னதை என் கருவி கேட்காது.

எனக்குக் கிடைப்பது என்ன என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். நம் ஊரில் ஒரு நகை தொலைந்தால் பவுன் கணக்கு மட்டும் போவதில்லை. அந்த வீட்டுக்கு அன்றைக்கு வந்துபோனவர்கள், வேலைக்கு வந்தவர்கள், சில வீடுகளில் மருமகள் என்று யாராவது ஒருத்தர் மேல் ஒரு பார்வை விழுகிறது. போலீசுக்குப் போகமாட்டார்கள், வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பவரிடம் போவார்கள். அவர் "தெக்கால இருந்து வந்த கறுத்த பொம்பளை" என்று எதையாவது சொல்லி வைப்பார். நகை கிடைக்காமலே போனால் அந்தப் பார்வையும் போகாமலே இருந்துவிடும், வருஷக்கணக்கில். கம்மல் மண்ணிலிருந்து வெளியே வரும் நிமிஷத்தில் அது மொத்தமாக இல்லாமல் போகிறது. இதற்கு ஈடான ஒன்றை எனக்கு வேறு எந்தப் பொழுதுபோக்கும் கொடுக்கவில்லை. கிரிக்கெட் ஆடியிருக்கிறேன், கோழிகூட வளர்த்திருக்கிறேன்.

அதற்கப்புறம் சொல்லிவிடுபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் தென்பெண்ணைக் கரையில் கட்டாயம் எனக்கு வேலை இருக்கும். புதுசாகக் கல்யாணம் ஆன பெண்களின் கொலுசு, மெட்டி எல்லாம் மணலில் கழன்று போயிருக்கும். வெள்ளி என்பதால் சத்தம் தெளிவு, ஆனால் ஆற்று மணலில் ஒரு சிக்கல் உண்டு, கருமணல். சின்ன வயதில் காந்தத்தை நூலில் கட்டி மணலில் இழுத்து விளையாடியவர்களுக்குத் தெரியும், முள் முள்ளாக ஒட்டிக்கொள்ளுமே, அதுதான், மேக்னடைட். நம் பகுதி மண்ணில் இரும்பு கொஞ்சநஞ்சமில்லை. அரூர் பக்கம் தீர்த்தமலையில் இரும்புத் தாதுப் பாறையே இருக்கிறது. அந்த மாதிரி இடத்தில் கருவியை ஆன் செய்த உடனே பூமி முழுக்க உலோகம் என்று அலறும். காயிலைத் தரையில் மேலும் கீழும் ஆட்டி "இது மண், இதைக் கணக்கில் எடுக்காதே" என்று கருவிக்குப் பழக்க வேண்டும். ஆங்கிலத்தில் கிரவுண்ட் பேலன்ஸ் என்பார்கள். இந்த வசதி இல்லாத மலிவு விலைக் கருவியை வாங்கிவிட்டு, நம் செம்மண்ணில் அது ஓயாமல் கத்துகிறது என்று பரணில் போட்டவர்களை எனக்குத் தெரியும். வாங்குவதாக இருந்தால் இதை முதலில் கேளுங்கள். சின்னத் தங்கம்தான் குறி என்றால் அதிர்வெண் கொஞ்சம் உயரமாக இருக்கும் மாடலாகப் பாருங்கள். மைன்லேப், நோக்டா, காரெட் என்று எந்தக் கம்பெனிக் கருவியாக இருந்தாலும் இந்த இரண்டையும் பார்த்தால் போதும், மீதி எல்லாம் பெயிண்ட்.

தங்கச் சங்கிலி தொலைந்தது என்று சொன்னால் மட்டும் எனக்குக் கொஞ்சம் தயக்கம். கனத்த சங்கிலி பரவாயில்லை. மெல்லிய சங்கிலியின் ஒவ்வொரு வளையத்தையும் கருவி தனித்தனியாகத்தான் பார்க்கும், அதனால் ஒரு சவரன் சங்கிலி அரைக்கால் சவரன் மோதிரத்தைவிட மெலிதாகக் கேட்கும். சங்கிலியில் கோர்த்த டாலர் இருந்ததா என்று கேட்டுக்கொள்வேன், டாலரைப் பிடித்தால் சங்கிலியும் கூட வரும்.

நகை இல்லாத வேலையும் நிறைய. எங்கே பதித்தோம் என்று மறந்துபோன ஜி.ஐ. பைப், மண் மூடிய வால்வு, உடைந்து விழுந்த ரொட்டவேட்டர் பிளேடு. பிளேடைத் தேடி எடுக்காவிட்டால் அடுத்த உழவில் டயர் கிழியும். இன்னொன்று, நான் இதில் இறங்கியபோது நினைத்தே பார்க்காதது: மாட்டுக் கொட்டகை. மாடு மென்று பார்த்துச் சாப்பிடும் ஜாதியில்லை, தீவனத்தோடு கம்பித் துண்டோ ஆணியோ வந்தால் அப்படியே விழுங்கிவிடும். அது வயிற்றின் இரண்டாவது பையில் போய்த் தங்கும், அந்தப் பைக்கும் இருதயத்துக்கும் நடுவில் ஒரு சவ்வுதான். குத்திக்கொண்டு போனால் கறவை மாடு போய்விடும். கால்நடை மருத்துவர்கள் முன்னெச்சரிக்கையாக மாட்டுக்கு ஒரு காந்தத்தை விழுங்க வைப்பதும் உண்டு, கம்பி வயிற்றில் அதோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். நான் செய்வது அதற்கு முந்தின வேலை. புதுசாக ஷெட் போட்ட வீடுகளில் கட்டுக்கம்பி நறுக்குகள் தரையெல்லாம் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. டிடெக்டரை ஓட்டிப் பொறுக்கிக் கொடுப்பேன். யாரும் இதைப் புகைப்படம் எடுத்துப் போடமாட்டார்கள், ஆனால் இரண்டு எருமை வைத்துப் பிழைக்கும் ஒரு ஆயாவுக்கு இது கம்மலைவிடப் பெரிய விஷயம்.

காசும் கிடைக்கும், ஆனால் இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எல்லாம் காந்தத்தில் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கருவிக்கு அதுவும் துருப்பிடித்த ஆணியும் ஒன்றுதான். பழைய அலுமினியப் பைசாதான் சந்தோஷமாகக் கூப்பிடும்: சதுர ஐந்து பைசா, பூ ஓரம் வைத்த பத்து பைசா, அறுகோண இருபது பைசா. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளதும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின, அதனால் நான் பெரிய பணக்காரன் ஆகிவிடவில்லை. பழைய களத்துமேடுகளில் ஓட்டைக் காலணா கிடைக்கும். 1943-இலிருந்து 47 வரை அச்சடித்தது, போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை. அதை நிலத்துக்காரரிடமே கொடுத்துவிடுவேன். அவர்கள் பெரும்பாலும் அதைத் தேய்த்து மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுகிறார்கள்.

இங்கேதான் சட்டம் வருகிறது, இதை யாரும் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அன்றைக்குப் பத்து ரூபாய் பெரிய பணம், இன்றைக்கு ஒரு டீ. ஆனால் சட்டத்தில் பத்து பத்தாகவே நிற்கிறது. தெரிவிக்காமல் மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய காசு, சிலை, கலைப்பொருள் எல்லாம் தொல்பொருள். கிருஷ்ணகிரி மலைக்கோட்டை, இராயக்கோட்டை மாதிரி தொல்லியல் துறை காக்கும் இடங்களில் தோண்டுவது குற்றம், அங்கே கருவியோடு போய் நிற்பதே வம்பு. காப்புக்காட்டுக்குள் போகவே கூடாது. இதெல்லாம் சட்டம். நானாக வைத்துக்கொண்ட கட்டுப்பாடுகளும் சில உண்டு. நடுகல் பக்கத்தில் காயிலை இறக்கமாட்டேன். சுடுகாட்டுக்குப் போகும் வழியில் பிணத்தின் மேல் வாரி இறைத்த சில்லறை நிறைய கிடக்கும், அதைத் தொடமாட்டேன். ஆற்றில் வேண்டிக்கொண்டு போட்ட காசையும் எடுப்பதில்லை, அது தொலைந்த காசு இல்லை.

ஊத்தங்கரைப் பக்கம் ஒருவர் கொல்லையில் பைப் தேடிக்கொண்டிருந்தபோது வேறொரு சத்தம் வந்தது. தோண்டினால் முதலில் வந்தது உலோகம் இல்லை, பழங்காலத்துக் கருப்பு சிவப்புப் பானை ஓடு, உள்பக்கம் கருப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. அதோடு நிறுத்தி, மண்ணைத் தள்ளி மூடி, வி.ஏ.ஓ.விடம் சொல்லிவிடுங்கள் அண்ணா என்றேன். அவருக்குக் கோபம். "என் நிலம், என்ன இருந்தாலும் எனக்குத்தானே, நீ ஏன் பயந்து சாகுற?" பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட மயிலாடும்பாறை ஞாபகம் வந்தது. நம் கிருஷ்ணகிரி மாவட்டம்தான். அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தார், தமிழ்நாட்டு இரும்பின் வயது 4200 வருஷம் என்று பேச்சு எழுந்தது. துருப்பிடித்த இரும்பு தன் வயதைத் தானே சொல்லவில்லை. அந்த மண் அடுக்கில் கூடவே கிடந்த கரியைச் சோதித்துத்தான் கண்டுபிடித்தார்கள். என்னைப் போல ஒருத்தன் டிடெக்டரோடு முன்னாலேயே அங்கே போய்ச் சத்தம் கேட்ட இடத்தைக் கொத்தி இரும்பைப் பிடுங்கியிருந்தால், அது பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போயிருக்கும், கரி காற்றில் போயிருக்கும். இதை அவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் அன்றிலிருந்து மோட்டார் கட்ட வேறு கடைக்குப் போகிறார். போகட்டும்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த ஆள் இங்கிலாந்தில் இருந்தவர், எரிக் லாஸ். 1992-இல் சஃபோக் பகுதியில் ஹாக்ஸ்ன் என்ற ஊரில் விவசாயி நண்பர் ஒருவர் வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அதைத் தேடிக் கொடுக்கத்தான் லாஸ் டிடெக்டரோடு போனார். கிடைத்தது ரோமானியர் காலத்துப் பொன், வெள்ளிக் காசுகள், பதினைந்தாயிரம் வாக்கில். கொஞ்சம் வெளியே வந்ததுமே தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். தொல்லியல் ஆட்கள் வந்து முறையாக எடுத்ததால் எது எந்தப் பெட்டிக்குள் எப்படி அடுக்கியிருந்தது என்பது வரை தெரிந்தது. அந்தச் சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அரசாங்கம் அவருக்கு வெகுமதி கொடுத்தது, அங்கே அதற்கென்று சட்டமும் ஏற்பாடும் உண்டு. நம் ஊரில் அந்த அளவுக்கு இல்லை. அதனால்தான் பயந்துகொண்டு மறைப்பவர்கள் அதிகம் என்பது என் எண்ணம்.

இரிடியம் ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிடெக்டர் வைத்திருப்பவனைத் தேடி இவர்கள் கட்டாயம் வருவார்கள். கோயில் கலசத்தில் இடி விழுந்து இரிடியம் ஆகிவிட்டது, அரிசியைக் காட்டினால் இழுக்கும், கோடிக்குப் போகும், பரிசோதனைக்கு மட்டும் சில லட்சம் கட்டவேண்டும் என்று. இரிடியம் பிளாட்டினம் வகையைச் சேர்ந்த ஒரு உலோகம், அவ்வளவுதான். அரிசியை இழுக்காது, இடி விழுந்து செம்பு இரிடியம் ஆகாது. இதே கூட்டம்தான் இரண்டு ஆண்டெனா கம்பியைக் கையில் பிடித்தால் ஒரு கிலோமீட்டர் தூரத்துத் தங்கத்தைக் காட்டும் என்று ஒரு கருவியும் விற்கிறது. ஐந்து ரூபாய் அளவுக் காசை என் கருவி அரை அடி, மிஞ்சினால் முக்கால் அடி ஆழத்தில்தான் கேட்கும். கிலோமீட்டராம்.

கல்குவாரி பக்கத்திலும், வெடி வைத்துக் கிணறு வெட்டிய இடங்களிலும் தேடுகிறவர்கள் ஜாக்கிரதை. வெடிக்காமல் விட்டுப்போன கேப்பின் (வெடியைத் தூண்டும் டெட்டனேட்டர்) ஓடு அலுமினியம், கருவி அதை நல்ல சத்தமாகத்தான் காட்டும். விரல் நீளத்தில் குழாய் மாதிரி, அதிலிருந்து இரண்டு ஒயர் நீட்டிக்கொண்டு இருந்தால் கையால் தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள், தள்ளி வந்து போலீசுக்குச் சொல்லுங்கள். பர்கூர் பக்கமெல்லாம் கிரானைட் குவாரி நிறைய, அதனால் சொல்கிறேன்.

தேடிக் கொடுப்பதற்கு நான் காசு வாங்குவதில்லை. பெட்ரோலுக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். மாங்காய்ப் பருவமாக இருந்தால் ஒரு கூடை செந்தூரா வரும், மற்ற நாளில் ராகி, அவரைக்காய். ஒரு வீட்டில் சேவல் கொடுத்தார்கள், பைக்கில் அதைப் பிடித்துக்கொண்டு வந்தது தனிக் கதை.

கடைசியாக, உங்கள் வீட்டில் ஏதாவது தொலைந்தால். அந்த இடத்தை உடனே பெருக்காதீர்கள், உழாதீர்கள், தண்ணீர் பாய்ச்சாதீர்கள். பத்து பேர் சேர்ந்து காலால் கிளறித் தேடினால் மேலே கிடந்தது ஒரு முழம் கீழே போய்விடும். கடைசியாகக் கையிலோ காதிலோ இருந்ததாக நிச்சயமாக ஞாபகம் உள்ள இடத்தில் ஒரு குச்சி, இல்லை என்று தெரிந்த இடத்தில் ஒரு குச்சி, இரண்டையும் நட்டு வையுங்கள். ஜோடியில் மீதி ஒன்று இருந்தால் கழற்றிப் பத்திரமாக வையுங்கள், தேட வருபவர் அதைக் காயிலுக்கு முன்னால் காட்டித்தான் சத்தத்தைப் பழகிக்கொள்வார். குப்பையைக் கொட்டிவிட்டிருந்தால் எந்தக் குழியில் என்று சொல்லுங்கள், தொலைந்த மூக்குத்திகளில் பாதி அங்கேதான் இருக்கும். மை போடுகிறவரிடம் போவதற்கு முன்னால் கூப்பிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை கடை லீவு.